ஹுக்கும்தார்

என் மாமனார் தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். கடைசிவரை பல் விழவில்லை, கண் மங்கவில்லை, படுக்கையில் கிடந்து யாரையும் பாடுபடுத்தவில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் "குடுத்து வச்ச ஆளு" என்கிறார்கள். அவர் கொடுத்து வைத்தவர்தான். முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்குச் சோறு வடித்துப் போட்ட நான் என்ன வரம் வாங்கி வந்தேனோ தெரியவில்லை.

எங்கள் தெருப் பையன்கள் அவர் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். கோட்டும் மெடலுமாக, முறைத்துக்கொண்டு நிற்கிற படம். நினைவு நாளன்று திறக்கப் போகிறார்களாம். "பெரிம்மா, நீதான் கூட இருந்தவ. அவரப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடு" என்று வந்து நின்றார்கள். நாலு நல்ல வார்த்தை என்னிடம் இருக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். அதற்கப்புறம் என் வார்த்தையை எழுதுவேன். படத்துக்குக் கீழே எதைப் போடுவது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் பிறந்தது பண்ணையாள் வீட்டில். புதுவாயலுக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டி இருந்த பெரிய வீட்டுப் பண்ணையில் அவருடைய அப்பா ஆள்காரர். பிள்ளைக்கு நடக்கத் தெரிந்ததும் கையில் மாட்டுக் கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் படுக்கை, பெரிய வீட்டுப் பழங்கஞ்சி, ஏதாவது தப்பு நடந்தால் தார்க்குச்சியால் முதுகில் அடி. முதல் உலகச் சண்டை நடந்தபோது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் சந்தைக்கு வந்தார்கள். சாணி அள்ளிய கையைக் கழுவாமல்கூடப் போய் வரிசையில் நின்றேன் என்று அவரே சொல்வார். கப்பலேற்றி பஸ்ராவுக்குக் கொண்டுபோனார்கள். மணலில் ரோடு போட்டார், தண்டவாளம் போட்டார், அடிபட்டவர்களைத் தூக்கிப்போய்க் கூடாரத்தில் கட்டுக் கட்டினார், ராத்திரிகளில் துப்பாக்கியோடு பாரா நின்றார்.

திரும்பி வந்தவருக்கு ஏரி ஓரத்தில் முள் மண்டிய தரிசு கொஞ்சம் கிடைத்தது. கருவேல முள்ளை வேரோடு பறித்து அதை வயலாக்கினார். பெரிய வீட்டுத் தெருவில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். "செருப்பக் கழட்டுடா" என்றார்களாம். "இது செருப்பு இல்ல, சர்க்காரு பூட்சு. சர்க்காரு சொன்னாத்தான் கழட்டுவேன்" என்றாராம். மண்டையை உடைத்து அனுப்பினார்கள். மறுநாள் கட்டுப் போட்ட மண்டையோடு அதே தெருவில் அதே பூட்ஸோடு போனார். இதெல்லாம் உண்மை. ஊரே பார்த்தது.

ஒரு வருஷம் எங்கள் தெருவின் களத்தில் அடித்துக் குவித்த நெல்லைப் பெரிய வீட்டு ஆட்கள் இருட்டோடு இருட்டாக வாரிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்கப் போனவர்களை நாயை விட்டுத் துரத்தினார்கள். அடுத்த அறுப்பிலிருந்து என் மாமனார் களத்து ஓரத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பூண் போட்ட மூங்கில் தடியோடு பாரா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு மரக்கால் நெல்கூட யாரும் தொடவில்லை. ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் அவர் காத்த அரிசிதான் வெந்தது. அவரை எதிர்த்து யாரும் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான். நல்ல வார்த்தை இவ்வளவுதான். முடிந்தது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனேன். நான் பொதட்டூர்பேட்டைக்காரி. அப்பா இல்லை. என் தம்பி முதலாளி தறியில் கூலிக்கு நெய்து என்னைக் கட்டிக் கொடுத்தான். என் மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், புண்ணியவதி. வீட்டில் என் புருஷனும் அவருடைய நைனாவும் மட்டும்தான். என் புருஷன் வயலில் மாடு மாதிரி உழைப்பார். நைனாவின் இருமல் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார். இந்த மனுஷனிடமா என்னைக் கொடுத்தார்கள் என்று முதல் வாரத்திலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

போன அன்றே அந்த வார்த்தையைக் கேட்டேன். பொழுது சாய்ந்து, குடத்தில் தண்ணீரோடு வருகிறேன். களத்துப் பக்கமிருந்து "ஹுக்கும்தார்!" என்று ஒரு சத்தம். குடம் கீழே விழாதது அதிசயம். பேயோ பிசாசோ என்று நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள்.

"பயந்துக்காதே. ப்ரண்டுன்னு சொல்லு, உட்டுருவாரு."

இருட்டினால் அந்த வழியாக வருகிற யாராக இருந்தாலும் இதுதான். "ஹுக்கும்தார்" என்று அவர் கேட்க வேண்டும், "ப்ரண்டு" என்று வருகிறவர் சொல்ல வேண்டும், "பாஸ்" என்று அவர் விட வேண்டும். புல்லுக்கட்டோடு வருகிற பொம்பளைகள் தூரத்திலிருந்தே "ப்ரண்டு, ப்ரண்டு" என்று முனகிக்கொண்டு வருவார்கள். பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவருகிற பாய்கூட, "ப்ரண்டுதான் மிலிட்டிரி, கருவாடு வோணுமா?" என்பார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. இந்தி என்றார்கள், துருக்கி பாஷை என்றார்கள், பஸ்ராவில் இருக்கிற ஒரு சாமி என்றுகூட ஒருத்தர் சொன்னார். ரொம்ப காலம் கழித்து என் மகன் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்துதான் சொன்னான். "ஹூ கம்ஸ் தேர்", அதாவது "யார் வருவது" என்று வெள்ளைக்காரன் இங்கிலீஷில் கேட்டதை நம்ம பட்டாளத்துக்காரர்கள் அவர்கள் வாய்க்கு வந்தபடி திரித்துக்கொண்டார்களாம். கேட்டவருக்கும் புரியாத, பதில் சொன்னவருக்கும் புரியாத ஒரு வார்த்தை. அதற்கு என் தம்பி ஒரு கையைக் கொடுத்தான்.

தை மாசம். நான் நிறைமாசக்காரி. பிரசவத்துக்கு என்னை அழைத்துப்போக என் தம்பி வந்தான். திருத்தணியில் ரயிலேறி, பட்டணம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வரும்போது இருட்டிவிட்டது. வளைகாப்புக்கென்று அவனே நெய்த சிவப்புக் கரைப் புடவையை மூட்டை கட்டி அக்குளில் வைத்திருந்தான். வழி குறையட்டும் என்று களத்தின் குறுக்கே நடந்தான். நெல் குவிந்து கிடக்கிறது. மூட்டையோடு ஒருத்தன் வருகிறான். "ஹுக்கும்தார்!" என்று சத்தம் வந்தது. யாரோ மாட்டை அதட்டுகிறார்கள் என்று நினைத்தானாம். மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே, "யோவ், மாடு அந்தாண்ட கீது" என்று கைகாட்டினான். காட்டிய கையில் தடி விழுந்தது.

அவன் போட்ட கத்தலில் நான் ஓடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியாது. வலது மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கைத் தூக்கிப் பார்த்த மாமனார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஐயோ மாமா, இவன் என் தம்பி!" என்றேன்.

"பதில் சொல்லல" என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் மளமளவென்று வேலையைப் பார்த்தார். மூங்கிலைச் சீவி பத்தை செய்தார், பழைய வேட்டியைக் கிழித்தார், என் புருஷனிடம் தம்பியின் தோளைப் பிடிக்கச் சொன்னார், கையை இழுத்துக் கட்டினார். என் தம்பி வாயில் துண்டைக் கவ்விக்கொண்டு அழுதான்.

"வேணாம் மாமா, காலைல ரயிலுக்குப் போயி புத்தூர்ல கட்டிக்கிறோம்" என்று நான் கெஞ்சினேன். கையோ காலோ ஒடிந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் இரண்டாவது யோசனை செய்ய மாட்டார்கள். புத்தூருக்குப் போய் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து பக்கம்தான்.

"எல தழைய வச்சி கட்றவன் கிட்டயா? இது மிலிட்டிரி கட்டு. பஸ்ராவுல எத்தினி கைய கட்டியிருப்பேன். நான் சொல்ற வரைக்கும் அவுக்கக் கூடாது" என்றார்.

என் புருஷனைப் பார்த்தேன். அவர் விளக்குத் திரியைப் பார்த்தார்.

ஊருக்குப் போனபிறகாவது அவிழ்க்கலாம் என்றால், என் தம்பியே கேட்கவில்லை. "பட்டாளத்துல கத்துக்கினு வந்தவரு, அவருக்குத் தெரியாதா?" என்றான். அடித்தவனையே நம்புகிற அந்தப் புத்தி எங்கள் வீட்டு ஆண்களுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. வீக்கம் வடிந்து, மாமனாரிடமிருந்து உத்தரவு வந்து, கட்டை அவிழ்த்தபோது கை உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அப்புறம் புத்தூருக்கு ஓடினோம். அங்கே தொட்டுப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி உடைத்துத்தான் கட்ட வேண்டும், அப்போதும் சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார். "இன்னொரு வாட்டியா? வேணாஞ்சாமி" என்று என் தம்பி எழுந்து வந்துவிட்டான்.

தறியில் வலது கைதான் கயிற்றைச் சுண்டி இழுக்கும். அந்த இழுப்பில்தான் நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடும். என் தம்பி இழுத்தால் நாடா பாதியில் நின்றது, இல்லாவிட்டால் தெறித்துக் கீழே விழுந்தது. முதலாளி நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை உட்கார வைத்தார். அவனைத் துரத்தவில்லை, பெரிய மனசு. பொம்பளைகளும் சின்னப் பிள்ளைகளும் செய்கிற வேலை ஒன்று உண்டு, ராட்டையில் நூலைச் சுற்றித் தார் போடுவது. அவர்களோடு உட்கார்ந்து அவன் தார் சுற்றினான். பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் வந்து பார்த்தார்கள், ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்கள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் மாமனார் என் தம்பி முகத்தைப் பார்த்து, "நான் செஞ்சது தப்பு" என்று சொல்ல வேண்டும். கை திரும்பி வராது. எனக்குத் தெரியும். அந்த வார்த்தையாவது வரட்டும் என்று நினைத்தேன்.

கைக்குழந்தையோடு திரும்பி வந்ததும் தெருப் பெரியவர்களைக் கூட்டச் சொன்னேன். மருமகள் மாமனார்மேல் பஞ்சாயத்து வைப்பதா என்று சிரித்தார்கள். நான் விடவில்லை. என் தம்பியையும் வரவழைத்தேன். மாமனார் அன்றைக்கென்று கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, விறைத்து நின்றார்.

"பாராவுல இருந்தேன். மூணு வாட்டி கூப்ட்டேன். பதில் வரல. பாராவுல பதில் வரலன்னா அடிக்கணும். அடிச்சேன்."

"அவனுக்கு அந்த பாஷ தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"பாராவுக்கு பாஷ கெடயாது."

பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வயிற்றில் இருந்த சோறு பேசியது. "மிலிட்டிரி சொல்றதும் நாயந்தானேம்மா. ப்ரண்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிபூட்ச்சி. தெரியாம நடந்தத இன்னாத்துக்குப் பெரிசு பண்ணிக்கினு" என்றார் அதில் மூத்தவர். என் தம்பி எழுந்து என் முந்தானையை இழுத்தான். "உடு அக்கா, பேஜாரு. உன் ஊட்டு மானந்தான் போவுது." என் வீட்டு மானம் போய் மாசக்கணக்காகிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் வேண்டுமென்றே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு இடுப்பில் குழந்தை, ஒரு இடுப்பில் குடம். திரும்பி வரும்போது "ஹுக்கும்தார்!" என்றார். நான் நடந்தேன். இரண்டாவது தரம் கேட்டார். மூன்றாவது தரமும் கேட்டார். தடி உயர்ந்தது எனக்குத் தெரிந்தது. அடித்தால் அடிக்கட்டும், இந்தத் தெரு பார்க்கட்டும் என்று அவர் கட்டிலை உரசிக்கொண்டு போனேன். தடி இறங்கவில்லை. "பாஸ்" என்ற வார்த்தையும் வரவில்லை.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் நான் சொல்லவில்லை. அதுவே வழக்கமாகிவிட்டது. தெருவில் எல்லோரும் ப்ரண்டு, நான் மட்டும் இல்லை. சோறு போட்டேன், வேட்டி துவைத்தேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை. என் புருஷன் ஒருநாள் அழுகிற மாதிரி கேட்டார்.

"ஒரு வார்த்ததானே. சொல்லிட்டுப் போயேன்."

"உங்க நைனாவுக்கும் ஒரு வார்த்ததான். சொல்லிட்டுப் போவட்டுமே" என்றேன்.

இப்படியே நாலைந்து வருஷம் ஓடியது. என் தம்பி அப்புறம் என் புருஷன் ஊர்ப் பக்கம் வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு ஐப்பசி மழையில் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், திருத்தணி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிழைக்கவில்லை. கை கோணலாகிவிட்டதால் யாரும் சாவதில்லை. அவனைக் கொன்றது காமாலைதான். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தறியில் உட்கார்ந்து நெய்தவன் தார் சுற்றுகிறவனாகச் செத்தான். அதற்குக் காமாலை காரணமில்லை.

சாவுக்கு என் மாமனார் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. என் புருஷனோடு ரயிலேறி, கோட்டும் மெடலும் பூட்ஸுமாக மழைச் சேற்றில் நடந்து வந்து நின்றார். எங்கள் ஊர்க்காரர்கள் பெரிய அதிகாரி யாரோ வந்துவிட்டார் என்று வழிவிட்டார்கள். அப்போது என் தம்பியைக் கிடத்தி, இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்து, கட்டை விரல்களைத் துணியால் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கை படிந்தது. வலது கை படியவில்லை. அழுத்திப் பிடித்தால் நிற்கும், விட்டால் கோணிக்கொண்டு விலகும். கட்டிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பத் திரும்ப முயற்சி செய்துவிட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமனார் பூட்ஸைச் சேர்த்துத் தட்டி, நிமிர்ந்து நின்று, சல்யூட் அடித்தார். கூட்டம் மொத்தமும் கேவியது. "இன்னா மரியாத பாரு, இன்னா மனுசன் பாரு" என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மாரில் அடித்துக்கொண்டாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நடுவிலிருந்து எழுந்துபோய், நெற்றியில் இருந்த அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அன்றுவரை அவரை நான் "நீங்க" என்றே சொல்லி வந்தவள்.

"கைய எறக்கு. வாயத் தொற" என்றேன்.

என் புருஷன் ஓடிவந்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டார். மாமனார் என்னைப் பார்க்கவில்லை. என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. வரப்போகிறது, இத்தனை வருஷம் கழித்து வரப்போகிறது என்று நான் அவர் வாயையே பார்த்தேன்.

"மூணு வாட்டி கூப்ட்டனே தம்பி" என்றார். குரல் உடைந்து போயிருந்தது. "ஒரு வாட்டியாவது பதில் சொல்லியிருக்கலாமில்ல."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கூட்டமும் சேர்ந்து அழுதது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. செத்துக் கிடக்கிறவன்மேல்தான் அப்போதும் குற்றம். அழுதுகொண்டே அவர் குனிந்து, விலகிக் கிடந்த அந்த வலது கையை நெஞ்சில் எடுத்து வைக்கப் போனார்.

"தொடாத" என்றேன். "நீ ஒரு வாட்டி கட்னது போதும்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. நான் பெரியவரிடமிருந்து துணியை வாங்கி, என் தம்பியின் விரல்களை நானே கட்டினேன்.